உயிர்வளி உணரி: எஞ்சின் டியூனிங்கில் ஒரு சாட்சி

புக்கிட் மேரா வட்டாரத்தில் கார் விற்கும் இடங்களும் கார் பழுதுபார்க்கும் இடங்களும் ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில் இல்லை. லெங் கீ சாலை விற்பனைக் கூடங்களில் புதிய கார்கள் கண்ணாடிச் சுவருக்குள் நிற்கின்றன. சற்றுத் தள்ளி, அலெக்சாண்ட்ரா வில்லேஜைச் சுற்றியுள்ள பட்டறைகளில் பழைய கார்கள் பானெட் திறந்தபடி நிற்கின்றன. டயர், ஒலிபெருக்கி, குளிரூட்டி என இத்துறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில். அவற்றுள் ஒன்று எஞ்சின் டியூனிங். கார் நிறுவனம் வைத்த கணினியை எடுத்துவிட்டு வேறொரு கணினியை வாங்கிப் பொருத்தி, எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் தருவது, எந்தக் கணத்தில் தீப்பொறி தருவது என்பதை நாமே தீர்மானிப்பதுதான் அது.

இதில் ஆர்வம் கொண்ட இளைஞர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. புதிய கணினி பொருத்திய பிறகு, புகைக் குழாயில் இருக்கும் 'ஒக்சிஜன் சென்சர்' வேண்டுமா, கழற்றிவிடலாமா? "அது இல்லாமல் டியூன் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போல" என்பது ஒரு கட்சி. "அந்தக் காலத்தில் எந்தப் பந்தயக் காரில் சென்சர் இருந்தது?" என்பது மறு கட்சி. இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எது வரை செல்லும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது பொழுதுபோக்குக் கேள்வி மட்டும் அன்று. சிங்கப்பூரில் 1990 மே மாதம் முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் உள்ளது. சான்றிதழின் காலம் பத்து ஆண்டுகள். அதற்குக் கொட்டிக் கொடுத்த ஒருவரின் எஞ்சின் பாதி வழியில் பிஸ்டன் உருகி நின்றால், எஞ்சினும் போகிறது, சான்றிதழின் நாள்களும் வீணாகக் கழிகின்றன. பகுதிநேர வேலைப் பணத்தில் பழைய மோட்டார் சைக்கிள் வாங்கிய மாணவருக்கும் இதே கதைதான். பிஸ்டனை உருக்கும் தவறுகளுள் முக்கியமான ஒன்றை, காட்டுவிரல் அளவுள்ள இந்த உணரி முன்கூட்டியே காட்டிக்கொடுத்திருக்கும்.

சொற்கள் பற்றி

மலேசியத் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் ஒக்சிஜனை 'உயிர்வளி' என்று படித்தோம். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அது 'ஒக்சிஜன்' ஆகிவிட்டது. இங்கே பழைய சொல்லையே எடுத்துக்கொண்டு 'உயிர்வளி உணரி' என்கிறேன். பட்டறையில் 'ரிச்' என்பது செறிந்த கலவை, அதாவது பெட்ரோல் கூடிய கலவை. 'லீன்' என்பது மெலிந்த கலவை, அதாவது பெட்ரோல் குறைந்த கலவை. பிஸ்டன், இன்ஜெக்டர், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைப் பட்டறையில் வழங்கும் பெயரிலேயே விட்டுவிட்டேன்.

காற்றும் பெட்ரோலும்

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. இந்தச் சரிசம அளவை 1 என்று வைத்துக்கொண்டு கலவையை அளக்கும் முறைக்கு 'லாம்டா' என்று பெயர். லாம்டா 1 என்றால் சரிசமம். 1-க்குக் கீழே செறிந்த கலவை, 1-க்கு மேலே மெலிந்த கலவை.

எல்லா நேரத்திலும் 1-இல் வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுமே என்று தோன்றலாம். எஞ்சினின் தேவை நேரத்துக்கு நேரம் மாறுகிறது. விரைவுச்சாலையில் நிதானமாக ஓடும்போது 1 போதும். முழு வேகத்தில் அதிக ஆற்றல் வேண்டுமானால் 0.85 முதல் 0.90 வரை செறிந்த கலவை வேண்டும். டர்போ பொருத்திய எஞ்சினில் பலர் 0.80-ஐ ஒட்டி வைப்பர், ஏனெனில் கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது எரியறையின் வெப்பத்தைக் குறைக்கிறது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதும் பெட்ரோல் கூடுதலாக வேண்டும்.

முழுச் சுமையில் கலவை மெலிந்தால் வெப்பம் ஏறும். பெட்ரோல் தன் முறைக்குக் காத்திராமல் தானே வெடிக்கத் தொடங்கும். இதையே 'நாக்கிங்' என்கிறோம். அலுமினிய பிஸ்டன் அதை நீண்ட நேரம் தாங்காது. மறுபுறம், கலவை அளவுக்கு மீறிச் செறிந்தால் பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். பிளக்கில் கரி படியும், புகைக் குழாயிலுள்ள வினையூக்கி மாற்றி சூடேறிக் கெடும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது எஞ்சினுக்கும் பொருந்தும்.

கணினி எப்படிக் கணக்கிடுகிறது?

உணரியின் பங்கைப் புரிந்துகொள்ள, கணினி என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். 2 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு அரை லிட்டர். 30 பாகை செல்சியஸ் வெயிலில் ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.16 கிராம். ஆகவே அரை லிட்டருக்கு 0.58 கிராம். எஞ்சின் ஒவ்வொரு முறையும் முழுமையாக மூச்சிழுப்பதில்லை. இந்தக் கணத்தில் 80 விழுக்காடு நிரம்புகிறது என்று வைத்தால் உள்ளே வந்த காற்று 0.464 கிராம். அதை 14.7-ஆல் வகுத்தால் 0.0316 கிராம் பெட்ரோல், அதாவது ஏறக்குறைய 0.042 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 240 மில்லிலிட்டர் தெளிக்கும் இன்ஜெக்டர் இதைத் தர 10.5 மில்லிவினாடி திறந்திருக்க வேண்டும். 6000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லிவினாடிதான் கிடைக்கிறது. இதற்குள் கணினி இக்கணக்கை முடித்தாக வேண்டும்.

இந்தக் கணக்கில் கணினிக்கு நேரடியாகத் தெரியாத எண் அந்த '80 விழுக்காடு'. அது எஞ்சின் சுற்றுக்கும் சுமைக்கும் ஏற்ப மாறும். எனவே கணினிக்குள் ஓர் அட்டவணை உள்ளது. ஒரு பக்கம் எஞ்சின் சுற்று, மறு பக்கம் காற்றழுத்தம் அல்லது திராட்டில் திறப்பு. 16 வரிசை, 16 பத்தி என்றால் 256 கட்டங்கள். டியூனிங் என்பது பெரும்பாலும் இந்தக் கட்டங்களில் சரியான எண்ணை நிரப்பும் வேலை.

கார் நிறுவனம் தன் எஞ்சினுக்கான எண்களைச் சோதனைக்கூடத்தில் நிரப்பி அனுப்புகிறது. கேம் தண்டு, புகைக் குழாய், டர்போ, இன்ஜெக்டர் ஆகியவற்றை மாற்றினால் அந்த எண்கள் பொருந்தாமல் போகும். மேற்சொன்ன எஞ்சினில் 240-க்குப் பதில் 440 இன்ஜெக்டரைப் பொருத்தினால் 5.7 மில்லிவினாடி போதும். கணினிக்குச் சொல்லாவிட்டால் அது பழையபடி 10.5 மில்லிவினாடி திறந்து, 80 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல் பெட்ரோலைக் கொட்டும். இதனால்தான் எண்களை மாற்ற இடம்தரும் கணினிகளுக்குச் சந்தை உருவானது. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக் 1986-இல் தொடங்கியது. 2001-இல் புரூஸ் போலிங், அல் கிரிப்போ எனும் இரு அமெரிக்கப் பொறியாளர்கள் வெளியிட்ட மெகாஸ்குவர்ட், பாகங்களை வாங்கி நாமே பற்றவைத்துச் செய்துகொள்ளும் வகை. பெங்களூரில் தயாராகும் பவர்டிரானிக் போன்றவை பழைய கணினியை எடுக்காமல் அதன் மேல் சவாரி செய்யும் வகை.

உணரி என்ன சொல்கிறது?

256 கட்டங்களில் நாம் எழுதிய எண்கள் சரியா என்று எப்படித் தெரியும்? எரிந்து முடிந்த புகையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பது போல, புகையில் மிஞ்சியிருக்கும் உயிர்வளியைக் கொண்டு கலவையை அறிகிறோம்.

உணரியின் உள்ளே சிர்கோனியா எனும் பீங்கான் உள்ளது. அதன் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறு பக்கம் புகை. 300 பாகைக்கு மேல் சூடேறியதும் இப்பீங்கான் வழியே உயிர்வளி அயனிகள் நகரும். இரு பக்க உயிர்வளி அளவின் வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கும். வேதியியல் மாணவர்களுக்கு இது நெர்ன்ஸ்ட் சமன்பாடு. செறிந்த கலவையில் ஏறக்குறைய 0.9 வோல்ட், மெலிந்த கலவையில் 0.1 வோல்ட். லாம்டா 1-இல் அது 0.45 வோல்ட்டைக் கடந்து சட்டென்று தாவும்.

போஷ் நிறுவனத்தின் இந்த உணரி 1976-இல் அமெரிக்கச் சந்தைக்கான வோல்வோ கார்களில் முதன்முதலில் இடம்பெற்றது. நோக்கம் வேகம் அன்று, காற்றுத் தூய்மை. மூவழி வினையூக்கி மாற்றி நன்றாக வேலை செய்ய, கலவை லாம்டா 1-ஐ ஒட்டிய மிகக் குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். அதைக் காத்துக்கொள்ளவே உணரி வந்தது.

அந்த 'சட்டென்ற தாவல்' டியூனருக்குப் பெரிய குறை. குழம்பை ருசி பார்த்தவர் "உப்பு கூடுதல்" அல்லது "உப்புக் குறைவு" என்று மட்டும் சொல்லி, எவ்வளவு என்று சொல்லாமல் போவது போன்றது இது. முழு வேகத்தில் 0.87 வேண்டும் என்றால், 0.87-க்கும் 0.80-க்கும் இவ்வுணரி தரும் விடையில் நம்பத்தக்க வேறுபாடு கிடையாது. இதற்குக் குறும்பட்டை உணரி என்று பெயர்.

1990களில் அகலப்பட்டை உணரி பரவலானது. அதில் சிர்கோனியா அறையோடு ஒரு 'பம்பு' அறையும் உண்டு. நடுவிலுள்ள சிறு இடைவெளியில் கலவை எப்போதும் சரிசமமாக இருக்கும்படி உயிர்வளியை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதே அளவு. இவ்வகையில் டியூனர்கள் மிகுதியும் பயன்படுத்தும் போஷ் எல்எஸ்யு 4.2, 4.9 உணரிகள், லாம்டா 0.65 அளவுக்குச் செறிந்த கலவையையும் எண்ணாகவே தரும். இவற்றுக்குத் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி தேவை. 'உணரியோடு டியூன் செய்தேன்' என்று ஒருவர் சொன்னால், எந்த உணரி என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

உணரியோடு டியூன் செய்யும் முறை

1. உணரியைப் புகைக் குழாயில், வினையூக்கி மாற்றிக்கு முன்னால் பொருத்த வேண்டும். குழாயின் அடிப்பக்கத்தில் வைத்தால் தேங்கும் நீர்த்துளி பட்டு, சூடான பீங்கான் விரிசல் விடும். மேல்பாதியில் சாய்வாக வைப்பதே முறை.

2. இன்ஜெக்டரின் அளவு, எஞ்சின் கொள்ளளவு போன்ற அடிப்படை எண்களை முதலில் சரியாகப் பதிய வேண்டும். அடித்தளம் தவறானால் 256 கட்டங்களும் தவறை மறைக்கும் ஒட்டுவேலையாகிவிடும்.

3. கணினி தானாகத் திருத்தும் வசதியை டியூனிங்கின்போது அணைத்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் ஒரு பக்கம் இழுக்க, கணினி மறு பக்கம் இழுக்கும்.

4. முதலில் நின்றபடி ஓடும் நிலை, பிறகு மிதமான சுமை, கடைசியில் முழுச் சுமை. ஒவ்வொரு கட்டத்திலும் எஞ்சினை நிலையாக நிறுத்தி அளவெடுக்க வேண்டும். இதற்கு 'டைனோ' எனப்படும் உருளை மேடை தேவை. பொதுச் சாலை இதற்குரிய இடம் அன்று.

5. திருத்தம் எளிய பெருக்கல்தான். கட்டத்தில் உள்ள எண்ணை, அளந்த லாம்டாவால் பெருக்கி, வேண்டிய லாம்டாவால் வகுக்க வேண்டும். கட்டத்தில் 70 உள்ளது, அளந்தது 0.95, வேண்டியது 0.88 என்றால், புதிய எண் 75.6.

6. முழுச் சுமைக்குப் போகும்போது கலவையைச் செறிவாகவும் தீப்பொறி நேரத்தைத் தாமதமாகவும் வைத்துத் தொடங்க வேண்டும். பாதுகாப்பான பக்கத்திலிருந்து சிறிது சிறிதாக நெருங்க வேண்டுமே தவிர, எதிர்ப்பக்கத்திலிருந்து வரக்கூடாது.

சாட்சியை எப்போது நம்பக்கூடாது?

இங்கேதான் புதியவர்கள் இடறுகின்றனர். உணரி பெட்ரோலை அளப்பதில்லை. புகையில் மிஞ்சிய உயிர்வளியைக் கொண்டே கலவையை ஊகிக்கிறது. இந்த ஒரு வரியை மனத்தில் நிறுத்தினால் பல குழப்பங்கள் விலகும்.

பிளக் கெட்டு ஒரு சிலிண்டரில் தீப்பற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போன உயிர்வளி எரியாமல் அப்படியே வெளியே வரும். உணரி 'மெலிந்த கலவை' என்று காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் மேலும் நனையும், மேலும் தீப்பற்றாது, உணரி மேலும் மெலிந்ததாகக் காட்டும். நோய் ஒன்று, மருந்து வேறு. புகைக் குழாயில் உணரிக்கு முன்னால் சிறு ஓட்டை இருந்தாலும் இதே கதைதான், வெளிக்காற்று உள்ளே புகுந்து கணக்கைக் கெடுக்கும்.

இரண்டாவது, நான்கு சிலிண்டரின் புகையும் சேருமிடத்தில் உள்ள உணரி தருவது சராசரி. மூன்று சிலிண்டர் 0.86-இலும், இன்ஜெக்டர் அடைத்த ஒன்று 1.00-இலும் ஓடினால் உணரி ஏறக்குறைய 0.89 என்று காட்டும். எண் அழகாகத்தான் இருக்கும். அந்த நான்காவது பிஸ்டன் மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, தீப்பொறி நேரத்தைப் பற்றி உணரிக்கு எதுவும் தெரியாது. 98 ஒக்டேன் பெட்ரோலில் டியூன் செய்த எஞ்சினில் 95 ஊற்றினால் கலவை மாறாது, லாம்டாவும் மாறாது. ஆனால் நாக்கிங் வரலாம். அதைக் கேட்கத் தனிக் கருவி வேண்டும், அல்லது பழகிய காது வேண்டும்.

உணரி இல்லாமல் டியூன் செய்தல்

"அந்தக் காலத்தில் சென்சர் எங்கே?" என்ற வாதத்துக்கு வருவோம். உண்மைதான், அந்தக் காலத்தில் சென்சர் இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் இவ்வுணரியின் நஞ்சு. சிங்கப்பூரில் ஈயமற்ற பெட்ரோல் 1991-இல் அறிமுகமானது. ஈயம் கலந்தது 1998 ஜூலையில் முற்றாக நின்றது. இந்தியாவில் அது 2000-இல் நின்றது. சென்னைக்கு வடக்கே சோழவரம் விமான ஓடுதளத்திலும், பிறகு 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் திடலிலும் கார்புரேட்டர் வண்டிகள் பந்தயம் ஓடிய நாள்களில், கலவையை அறிய மெக்கானிக்குகளுக்கு வேறு வழிகள் இருந்தன.

முதல் வழி பிளக்கின் நிறம். முழு வேகத்தில் ஓடவிட்டு, உடனே எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பர். கறுத்த கரி என்றால் செறிந்தது, வெளிறிய வெள்ளை என்றால் மெலிந்தது, இளம் பழுப்பு என்றால் சரி. இரண்டாவது, புகையின் வெப்பம். மூன்றாவது, இழுவை. கார்புரேட்டரின் ஜெட்டை ஓர் அளவு மாற்றி, வண்டி முன்னைவிட நன்றாக இழுக்கிறதா என்று பார்ப்பது. டைனோ மேடையில் இதையே எண்ணாகப் பார்க்கலாம். பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே வந்து, இழுவை குறையத் தொடங்கும் இடத்தைக் கண்டறிந்து, அதிலிருந்து சற்றுச் செறிந்த பக்கம் திரும்பி நிற்பார்கள்.

இவ்வழிகள் இன்றும் செல்லுபடியாகும். ஈயம் கலந்த பந்தய எரிபொருளிலும், எண்ணெயும் சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினிலும் உணரி விரைவில் கெட்டுவிடும். பெரிய கேம் தண்டு வைத்த எஞ்சின் நின்றபடி ஓடும்போது, எரியாத காற்று கலந்து உணரி தவறாகவே காட்டும். அங்கெல்லாம் பிளக்கும் காதும் டைனோவும்தான் துணை.

ஆனால் இவ்வழிகளின் குறையையும் சொல்ல வேண்டும். பிளக் நிறம் ஓட்டம் முடிந்த பிறகு கிடைக்கும் தீர்ப்பு. அது 256 கட்டங்களில் எந்தக் கட்டம் தவறு என்று சொல்லாது. கார்புரேட்டரில் திருத்த வேண்டிய இடங்கள் சில, கணினியில் நூற்றுக்கணக்கு. மேலும் அந்த மெக்கானிக்குகளின் கண்ணும் காதும் பல எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்துப் பெற்றவை. அந்த அனுபவம் இல்லாதவர் "பழைய முறை" என்று சொல்லிக்கொண்டு உணரியை ஒதுக்கினால், அவரிடம் எஞ்சுவது துணிச்சல் மட்டுமே.

ஓட்டும்போது உணரி வேண்டுமா?

இதுவரை பேசியது டியூன் செய்யும் நேரம் பற்றி. டியூன் முடிந்து சாவியைக் கையில் வாங்கிய பிறகு என்ன செய்வது? இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இவற்றைக் கலந்து பேசுவதால்தான் வாதம் முடியாமல் நீள்கிறது.

உணரியின் விடையைக் கேட்டுக் கணினி பெட்ரோலைத் திருத்திக்கொண்டே இருந்தால் அது மூடிய சுற்று. அட்டவணையை மட்டும் நம்பி ஓடினால் திறந்த சுற்று. குறும்பட்டை உணரியுள்ள கார்கள் முழு வேகத்தில் உணரியைக் கேட்பதே இல்லை, அட்டவணையில்தான் ஓடுகின்றன. ஆகவே 'உணரி இல்லாத ஓட்டம்' எல்லாக் காருக்கும் சிறிதளவு பழக்கமானதே.

ஆனால் அட்டவணை, டியூன் செய்த நாளின் நிலவரத்தையே அறியும். இன்ஜெக்டர் நாளடைவில் அடைக்கலாம், பெட்ரோல் பம்பு தளரலாம், எரிபொருளே மாறலாம். இதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே சான்று உண்டு. இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவியது. எத்தனால் எரிய அதன் எடையைப் போல 9 மடங்கு காற்றே போதும். எனவே 10 விழுக்காடு எத்தனாலுக்கு ஏறக்குறைய 14.1 ஆக இருந்த சரிசம அளவு, 20 விழுக்காட்டில் ஏறக்குறைய 13.5 ஆகிறது. பழைய எரிபொருளில் டியூன் செய்து உணரியைக் கழற்றிய மோட்டார் சைக்கிள் ஏறக்குறைய 4 விழுக்காடு மெலிந்து ஓடும், ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. உணரி உள்ள வண்டியோ, மூடிய சுற்றில் அந்த வேறுபாட்டைத் தானே ஈடுசெய்துகொள்ளும். சென்னை ராயல் என்ஃபீல்டு உட்பட, இந்தியாவின் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பிறகு இவ்வுணரி இடம்பெற்றிருக்கிறது. அதைத் தொல்லை என்று கருதிக் கழற்றுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். உணரியை ஏமாற்றப் பொய் மின்னழுத்தம் தரும் சிறு மின்சுற்றுகளும் விற்கப்படுகின்றன. அது சாட்சியைக் கலைப்பதற்கு ஒப்பு. கணினி பொய்யை மெய்யென்று நம்பி, எல்லா நிலையிலும் அதே பொய்யின்படி பெட்ரோல் ஊற்றும்.

அதற்காகக் கணினி உணரியை எல்லையின்றி நம்பவும் கூடாது. உணரி கெட்டு 'மெலிந்தது, மெலிந்தது' என்று கூவினால் கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். எனவே திருத்தத்துக்கு ஓர் எல்லை வைப்பது வழக்கம். கூட்டவோ குறைக்கவோ 10 விழுக்காடு என்று வைத்தால், சாட்சி பிறழ்ந்தாலும் எஞ்சின் பிழைக்கும். அட்டவணை சரியாக இருந்தால் இந்த எல்லையே தாராளம். எப்போதும் 10 விழுக்காட்டின் விளிம்பில் திருத்தம் நின்றால் உணரியையோ அட்டவணையையோ சோதிக்க வேண்டும்.

சட்டமும் சுற்றுப்புறமும்

சிங்கப்பூரில் வாகனத்தில் எதை மாற்றலாம், எதற்கு முன் அனுமதி வேண்டும், எதை மாற்றவே கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் வகுத்துள்ளது. பட்டறைக்குப் போகும் முன் அதைப் படிக்க வேண்டும். மூன்று ஆண்டு கடந்த கார் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், பத்து ஆண்டு கடந்த கார் ஆண்டுதோறும் கட்டாயச் சோதனைக்குப் போகிறது. அங்கே புகையும் சோதிக்கப்படும். புதிய பெட்ரோல் கார்களுக்கான புகைத் தரம் 2001-இல் யூரோ 2, 2014-இல் யூரோ 4, 2017-இல் யூரோ 6 என உயர்ந்துவந்திருக்கிறது. உணரியின்றி வினையூக்கி மாற்றி தன் வேலையைச் செய்ய முடியாது. அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கும் ஊரில், நம் புகைக் குழாயிலிருந்து வருவதை அடுத்த வீட்டாரும் சேர்த்தே சுவாசிக்கிறார்கள்.

ஆர்வத்தை அடக்க வேண்டியதில்லை, அதற்குரிய இடத்துக்குக் கொண்டுபோகலாம். 1981 முதல் நடந்துவரும் ஃபார்முலா எஸ்ஏஇ மாணவர் போட்டியில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்களும் தாங்களே கட்டிய காருடன் கலந்துகொண்டிருக்கிறார்கள். பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை வழியே செல்ல வேண்டும் என்பது அதன் விதி. காற்று குறைவாகக் கிடைக்கும்போது ஒவ்வொரு துளி பெட்ரோலுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். இக்கட்டுரையில் கண்ட அட்டவணையையும் உணரியையும் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

முடிவாக

உயிர்வளி உணரி வேண்டுமா என்ற கேள்விக்கு என் விடை இது. டியூன் செய்யும்போது, எரிபொருளோ எஞ்சின் வகையோ இடம்தராத சில நிலைகள் தவிர, அகலப்பட்டை உணரி கட்டாயம் வேண்டும். சாலையில் ஓட்டும்போது, நிறுவனம் வைத்த உணரியைக் கழற்ற எந்த நியாயமும் இல்லை. பந்தயத் திடலில் உணரியின்றி ஓடலாம், ஆனால் கலவையைச் சற்றுச் செறிந்த பக்கம் வைத்து, பிளக்கை அடிக்கடி கழற்றிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

2030 முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய்மையான எரிசக்தி வகையாகவே இருக்க வேண்டும் என்பது அரசின் திட்டம். பிறகு இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். இன்று சாலையில் ஓடும் பெட்ரோல் வண்டிகள் ஒரே நாளில் மறையப்போவதில்லை. அவற்றைப் பழுதுபார்ப்பவர்களும் ஓட்டுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மேலும், மூடிய சுற்று, திறந்த சுற்று எனும் பாடம் எஞ்சினோடு முடிவதில்லை. மின்சாரக் காரின் மின்கல வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கணினிக்கும், மருத்துவமனையில் மருந்து செலுத்தும் கருவிக்கும் அதே பாடம்தான். கருவி ஓர் எண்ணைக் காட்டும்போது, அது எதை அளந்தது, எதை அளக்கவில்லை என்று கேட்கப் பழகிக்கொள்வோம்.